கால்வாய்க்கரையில் 42.195 கிலோமீட்டர்: தோவாளை வட்டத்தில் நடந்த ஒரு சிறு மாரத்தான் பற்றிய நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் காலையில் சேர்ந்து ஓடும் நாங்கள் சிலர், ஒரு ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தோவாளை வட்டத்தில் ஒரு பாசனக் கால்வாயின் கரைச்சாலையில் முழு மாரத்தான் ஒன்றை நடத்தினோம். ஓடத் தொடங்கியவர்கள் 23 பேர். அவர்களில் 20 பேர் முடித்தார்கள். இருவர் தாமாகவே இடையில் நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் 39-ஆவது கிலோமீட்டரைத் தாண்டிய நிலையில் வெப்பத்தாக்கினால் நினைவு குழம்பி, கரையிலேயே குளிர்விக்கப்பட்டு, பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் வீடு திரும்பினார். அவருடைய சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து, அன்று நடந்ததையும் அதற்கு முன் நாங்கள் எடுத்த முடிவுகளையும் இங்கே எழுதுகிறேன். பாதையை அளந்தவன் நான். தொடக்க நேரத்தைத் தள்ளிவைக்கத் தலையாட்டியவர்களில் ஒருவனும் நான். ஆகவே இதை நடுநிலையாளர் ஒருவரின் அறிக்கையாக வாசகர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கால்வாய்க்கரையைத் தேர்ந்த காரணம்

வெளிநாடுகளில் சிறிய மாரத்தான்கள் பல, கைவிடப்பட்ட ரயில் தடங்களின்மேல் நடக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்னும் ஊர்களுக்கு இடையே ஓடிய ரயில் நின்றுபோன பிறகு, 1960-களில் அந்தத் தடத்தை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றினார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படி ஒரு பாதை இருக்கிறது. ஸ்பெயின் 1993 முதல் இதை நாடு தழுவிய திட்டமாகவே நடத்தி வருகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தால் எஞ்சுவது, வாகனம் வராத, வளைவு குறைந்த, பெரிய மேடுபள்ளம் இல்லாத ஒரு மண்சாலை. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே பிடிமானம் மிகக் குறைவு என்பதால் ரயில் பொறியாளர்கள் சரிவுக்கு அஞ்சியே தடம் போட்டார்கள். நம் நாட்டின் சமவெளிகளில் 150 மீட்டருக்கோ 200 மீட்டருக்கோ 1 மீட்டர் ஏற்றம் என்பதே பொதுவான எல்லை. மலைப்பாதைகளில் இதைவிடச் செங்குத்தாகவும் போடுவதுண்டு, ஆனால் நீலகிரி மலை ரயிலைப் போல ஏறத்தாழ 12-க்கு 1 என்ற சரிவில் ஏறப் பல்சக்கரம் தேவைப்படுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படிச் செத்துப்போன தடம் எதுவும் கிடையாது. ரயிலே இங்கே 1979-இல்தான் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு அந்த ஆண்டிலும், நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு 1981-இலும் பாதை திறக்கப்பட்டது. தொடக்கத்திலேயே அகலப் பாதையாகப் போட்டுவிட்டதால், மற்ற மாவட்டங்களில் மீட்டர் கேஜ் மாறியபோது ஒதுக்கப்பட்டுக் கிடந்தவை போன்ற துண்டுகளும் இங்கே மிஞ்சவில்லை. தனுஷ்கோடியில் 1964 புயல் அடித்துக்கொண்டுபோன தடத்தைப் பார்க்க ராமேசுவரத்துக்குப் போகலாம். ஓடுவதற்கு அது உதவாது.

ஆனால் சரிவுக்கு அஞ்சி வேலை செய்த இன்னொரு வகைப் பொறியாளர்கள் நம்மிடம் இருந்தார்கள். கால்வாய் வெட்டுபவர் தண்ணீரை மெல்ல நடத்திக் கொண்டுபோக வேண்டும். சரிவு கூடினால் கரையை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் அவரும் மலையடிவாரத்தின் சம உயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டே, ஒரு கிலோமீட்டருக்குச் சில அங்குலங்கள் மட்டும் இறங்கி, ஊர் ஊராக வளைந்து போகிறார். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட காலத்திலிருந்தும், அதற்கு வெகுமுன்பே பாண்டியன் அணை, புத்தன் அணை ஆகியவற்றிலிருந்து பிரிந்த வாய்க்கால்களாகவும் நாஞ்சில் நாட்டை வலைபோலப் பின்னியிருக்கும் இந்தக் கரைகள்தாம் எங்கள் மாவட்டத்தின் ரயில் தடங்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் இப்போதும் மாறவில்லை. ஆனால் அதில் ஒரு பாதியை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். ரயில் போன பிறகு அந்தத் தடத்தில் யாருக்கும் வேலை இருப்பதில்லை. கால்வாய்க்கரையிலோ ஊரே வாழ்கிறது.

கரையில் இருந்தவர்கள்

ஜூன் முதல் தேதி அணை திறந்தால் பிப்ரவரி இறுதிவரை கால்வாய்களில் தண்ணீர் ஓடும். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு நெல் பருவங்களுக்கும் அதுதான் கணக்கு. எங்களுக்கு ஜனவரி வேண்டியிருந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கரை உலர்ந்திருக்கும். ஆண்டின் மற்ற மாதங்களோடு ஒப்பிட்டால் வெயிலும் குறைவு. டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழாவும், அதையடுத்து சுசீந்திரம் மார்கழித் திருவிழாவும் முடிந்தால்தான் காவல்துறையிடம் போய் நிற்க முகம் இருக்கும் என்பதும் ஒரு காரணம். ஆக, கால்வாய் நிறையத் தண்ணீர் ஓடும் காலத்தில்தான் ஓட வேண்டும் என்றாயிற்று. தண்ணீர் ஓடினால் படித்துறைகளில் ஆட்கள் இருப்பார்கள்.

நாங்கள் தேர்ந்த துண்டில் ஐந்து படித்துறைகள் இருந்தன. அவற்றில் இரண்டு பெண்கள் குளிக்கும் துறைகள். விடியலுக்கு முன்பே அங்கே குளியலும் துவைப்பும் தொடங்கிவிடும். எங்கள் வரைபடத்தில் அந்த இடம் ‘நேரான, நிழலான, சிறந்த பகுதி’ என்று குறிக்கப்பட்டிருந்தது. குளித்துக்கொண்டிருக்கும் பெண்களைத் தாண்டி, தலையில் விளக்கு மாட்டிய 23 பேர் எட்டு முறை ஓடினால் அவர்களுக்கு எப்படியிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் குழுவில் ஓடும் பெண் மருத்துவர்தான் முதலில் கேட்டார். பிறகு ஒரு மாலையில் அங்கே போய்ப் பேசினோம். ‘நீங்க ஓடுங்க மக்களே, படம் மட்டும் பிடிக்கப்பிடாது’ என்றார் ஒரு மூத்த பெண்மணி. அதற்கு மேலும் சில நிபந்தனைகள் வந்தன: கேமராவும் டிரோனும் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, துறையை நெருங்கும்போது விளக்கைத் தரைக்குத் தாழ்த்த வேண்டும். மூன்றையும் ஏற்றோம். இந்த இரண்டு துறைகள் இருக்கும் இடத்தில் மட்டும் பாதையைக் கரையிலிருந்து இறக்கித் தென்னந்தோப்பின் உள்வழியாக விட்டோம். தோப்புக்காரர் ஒருமுறை முகம் சுளித்தார், பிறகு விட்டுவிட்டார்.

அனுமதிக் கடிதங்கள் மூன்று இடங்களுக்குப் போயின. 2021-க்குப் பிறகு கால்வாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு என்றாலும் ஊரில் இன்னும் எல்லாரும் ‘பி.டபிள்யூ.டி.’ என்றே சொல்கிறார்கள். அதனால் முதல் கடிதம் ஒருமுறை தவறான மேசையில் கிடந்தது. காவல்நிலையத்திலும் ஊராட்சியிலும் பெரிய சிக்கல் இல்லை.

இருட்டில் கரையில் ஓடுவதில் இன்னொரு கவலை பாம்பு. கும்பப்பூ கதிர் முற்றும் காலத்தில் வயலில் எலி கூடும், எலியைத் தேடி நாகமும் விரியனும் வரப்பிலும் கரையிலும் இருக்கும். முதல் சுற்றில் ஓட்டக்காரர்களுக்கு முன்னால் பெரிய விளக்குகளோடு இரண்டு சைக்கிள்கள் மெதுவாகப் போயின. அன்று ஒரு தவளையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அளவும் சுற்றுகளும்

கரைச்சாலையில் தடையில்லாமல் கிடைத்த நீளம் ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்புவதை ஒரு சுற்றாகக் கொண்டு நான்கு சுற்றுகள் வைத்தோம். 42,195 மீட்டரை எட்டால் வகுத்தால் ஒரு வழிக்கு 5,274.375 மீட்டர் வரும். பாதை தவறிக்கூடக் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டர் கூட்டி அளப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். அதைச் சேர்த்தால் 5,279.65 மீட்டர்.

அளந்த முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் நடக்கும் பல ஓட்டங்களில் தூரத்தைக் கைபேசியைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நேரான ஓரிடத்தில் 300 மீட்டரை எஃகு நாடாவால் இருமுறை அளந்து ஆணி அடித்துக்கொண்டோம். முன்சக்கரத்தில் சுழற்சி எண்ணும் சிறு கருவி பொருத்திய சைக்கிளை அந்த 300 மீட்டரில் நான்கு முறை ஓட்டி, ஒரு மீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டோம். பிறகு பாதை முழுவதையும், வளைவுகளின் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் ஓட்டினோம். முடித்தவுடன் மீண்டும் 300 மீட்டரில் நான்கு முறை. வெயில் ஏற ஏற டயர் விரிந்து எண்ணிக்கை மாறும் என்பதால்தான் முன்னும் பின்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. எஃகு நாடாவும் விரியும். 20 டிகிரி செல்சியசில் சரியாக இருக்கும்படி செய்யப்பட்ட நாடா, 28 டிகிரியில் 300 மீட்டருக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீண்டுவிடுகிறது. மாரத்தான் முழுவதற்கும் சேர்த்தால் அது 4 மீட்டர்கூட வராது. அதற்கும் திருத்தம் போட்டதற்காக நண்பர்கள் இன்றும் என்னைக் கேலி செய்கிறார்கள். ஓட்டம் முடிந்தபின் தங்கள் கடிகாரம் 42.6 காட்டியது என்று முறையிட்ட மூவருக்குப் பதில் சொல்ல அந்தக் கணக்குத்தாள் கையில் இருந்தது.

ஒரே கரையில் போய்த் திரும்பிக்கொண்டே இருப்பது சலிப்பூட்டாதா என்று பலர் கேட்டார்கள். 2019 அக்டோபரில் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடிகளில் 42.195 கிலோமீட்டரை ஓடியதும், மரங்கள் அடர்ந்த ஒரே நேர்சாலையில் 9.6 கிலோமீட்டர்ச் சுற்றுகளாகத்தான். அது உலக சாதனையாகக் கணக்கில் கொள்ளப்படவில்லை என்பது வேறு விஷயம். அங்கே திரும்புவதற்கு வட்டச் சாலைகள் இருந்தன. எங்களிடம் முனைக்கு ஒரு பிளாஸ்டிக் கூம்பு இருந்தது. மொத்தம் ஏழு முறை கூம்பைச் சுற்றித் திரும்ப வேண்டும்.

சுற்று எண்ணுவதற்கு மின்னணுச் சில்லு வைக்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஓட்டக்காரரின் மணிக்கட்டில் ஒரு வண்ண ரப்பர் பேண்ட் மாட்டினோம்: முதல் சுற்றுக்குப் பச்சை, இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்குச் சிவப்பு. இரு முனைகளிலும் நடுவிலும் என மூன்று தண்ணீர்ப் பந்தல்கள், ஆகவே 2.64 கிலோமீட்டருக்கு ஒருமுறை குடிக்கக் கிடைக்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், மட்டிப்பழம், ஏத்தன்பழத் துண்டுகள். இளநீர் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுக்காக அதையும் வைத்தோம், ஆனால் இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. நெடுநேரம் வியர்த்தவருக்கு உப்பின் இடத்தை அது நிரப்பாது. அக்கானி எனப்படும் பதநீர் இறக்கும் பருவம் இன்னும் தொடங்கவில்லை.

பந்தல்களிலும் கலுங்குகளிலும் நின்ற கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லியிருந்தோம்: கடந்துபோகும் ஒவ்வொருவரிடமும் ‘எத்தனாவது ரவுண்டு?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் பேண்ட் அறுந்தால் சரிபார்ப்பதற்காக மட்டுமே அந்த ஏற்பாடு.

அன்று காலை

தொடக்கம் காலை 4.30 மணி என்று அறிவித்திருந்தோம். ஜனவரி இறுதியில் இங்கே சூரியன் 6.40 மணியளவில்தான் உதிக்கும். நாலரைக்குத் தொடங்கினால் பெரும்பாலானோர் பாதித் தூரத்துக்கு அருகில் போகும்வரை வெயிலே இல்லை. நாகர்கோவிலிலிருந்து ஆறு பேரை ஏற்றி வந்த வேன் வரவில்லை. ஐந்து நிமிடம் பார்ப்போம் என்றோம், இன்னும் ஐந்து என்றோம். வந்து நின்ற மற்றவர்களும் ‘காத்திருக்கலாம், அவங்களும் பணம் கட்டினவங்கதானே’ என்றார்கள். 5.10-க்குத் தொடங்கினோம். அந்த 40 நிமிடத்தை இருட்டிலிருந்து எடுத்து வெயிலுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. விருந்துக்கு வந்தவரை விட்டுவிட்டுப் பந்தியைத் தொடங்கக் கூடாது என்ற மனநிலையில் இருந்தோம்.

பாதிக்கப்பட்டவர் நாற்பதுகளின் நடுவில் இருப்பவர். விளவங்கோடு பக்கத்து மேடுபள்ளச் சாலைகளில் பல ஆண்டுகளாக ஓடிப் பழகியவர். நாலரை மணி நேரத்துக்குள் முடிப்பது அவருடைய இலக்கு. அவருடைய முதல் மூன்று சுற்றுகள் 66, 66, 67 நிமிடங்கள். குறிப்பேட்டில் அதைப் பார்த்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். இவ்வளவு சீராக ஓடியவர் அன்று வேறு யாரும் இல்லை. 8.29-க்கு மூன்றாவது பேண்டை மாட்டிக்கொண்டு போனார்.

ஏறத்தாழ 9.25-க்கு, கடைசித் திரும்புகையில், நடுப் பந்தலை ஒட்டிய கலுங்கில் நின்ற மாணவர் வழக்கம்போல் ‘எத்தனாவது ரவுண்டு சார்?’ என்று கேட்டார். ‘ரெண்டு’ என்றார். மாணவர் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார்; மூன்று பேண்டுகள் இருந்தன. ‘சார், மூணு போட்டிருக்கே’ என்றதற்கு அவர் கோபமாக ஏதோ சொல்லிவிட்டு, பாதையின் நடுவிலிருந்து நீர்ப்பக்கம் சாய்ந்து ஓடினார். அந்த மாணவர் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார். ஓட்டக்காரரைத் தொடக் கூடாது என்று நாங்களே சொல்லி வைத்திருந்தும் அவர் அதைச் செய்தார்.

பந்தலில் இருந்தவர்களின் முதல் எண்ணம் தண்ணீர் கொடுப்பது. மருத்துவர் அதைத் தடுத்தார். மாரத்தானில் நினைவு குழம்புவதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் சிகிச்சை எதிரெதிர்த் திசையில் போகும். அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது ஒன்று. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் எடுத்துச் சோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு அந்தக் குறைபாடு இருந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களுக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. இன்னொன்று உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தாக்கு. அவருக்கு வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பழைய முதலுதவிப் பாடங்களில் படித்தவர்கள் அதை வைத்தே ஏமாந்திருப்பார்கள். ஓடும்போது வருகிற வெப்பத்தாக்கில் பெரும்பாலும் வியர்வை நிற்பதில்லை. நெற்றியிலும் அக்குளிலும் அளப்பது பொய் சொல்லும் என்பதால், மாணவர்கள் வேட்டியால் மறைப்புப் பிடிக்க, ஆசனவாய் வழியே அளந்தார் மருத்துவர். 40.8 டிகிரி.

இதற்கான ஏற்பாடு அங்கே இருந்ததற்கு முழுப் பெருமையும் அவரையே சேரும். மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் தெர்மாகோல் பெட்டிகள் இரண்டில், மீனுக்காகப் பனிக்கட்டி உடைக்கும் கடையிலிருந்து நொறுக்கிய பனிக்கட்டி வாங்கி நடுப் பந்தலில் வைக்கச் சொல்லியிருந்தார். 23 பேருக்கு இது அதிகம் என்று நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. தார்ப்பாய் ஒன்றை விரித்து ஓட்டக்காரரை அதில் கிடத்தி, ஆறு பேர் விளிம்புகளைத் தூக்கிப் பிடித்துத் தொட்டில்போல் ஆக்கி, கால்வாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு ஊற்றிப் பனிக்கட்டியைக் கொட்டினார்கள். தண்ணீர் உடலின்மேல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் தார்ப்பாயை இடமும் வலமும் ஆட்டினார்கள். நேரே கால்வாயிலேயே இறக்கினால் என்ன என்று ஒருவர் கேட்டார். நினைவு தெளிவில்லாதவரை ஓடும் நீரில் இறக்கினால் பிடித்து நிறுத்த முடியாது, தலை மூழ்கினால் அங்கேயே முடிந்துவிடும். 14 நிமிடங்களில் வெப்பம் 38.9-க்கு இறங்கியது. அத்தோடு நிறுத்தி, துடைத்து, போர்த்தினார்கள். அதற்குள் தன் பெயரையும் மனைவியின் கைபேசி எண்ணையும் அவரே சொன்னார்.

108 ஆம்புலன்ஸ் முன்னதாகவே வந்துவிட்டிருந்தது, ஆனால் கரைக்கு வர முடியவில்லை. வாகனங்கள் ஏறாதபடி கரைமுனையில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று நாங்கள் கேட்டு வைக்கவில்லை. குளிர்வித்த பிறகே எடுத்துச் செல்ல வேண்டும் என்பதுதான் மருத்துவ நெறி என்பதால் தாமதம் அவரைப் பாதிக்கவில்லை. இதயம் நின்றுபோன ஒருவராக இருந்திருந்தால் நிலைமையே வேறு. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அரிதுதான், ஆனால் அந்த 59 பேரில் ஒருவர் நம் பாதையில் விழுந்தால் பூட்டிய சங்கிலிக்கு மன்னிப்பே கிடையாது.

ஏன் நடந்தது

எங்களிடம் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானி இருந்தது; ஒரு குமிழ் காற்றின் வெப்பத்தையும், ஈரத்துணி சுற்றிய மற்றொன்று வியர்வை உலர்வதுபோல் ஆவியாதல் குளிர்வித்த வெப்பத்தையும் காட்டும். ஒரு பள்ளி ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கியது. 9 மணிக்கு அது காட்டியவை 28.5, 24.5. வெயிலில் உடலுக்கு ஏற்படும் சுமையைக் கணக்கிட, 1950-களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களுக்காக உருவான ஒரு சூத்திரம் இருக்கிறது: ஈரக்குமிழ் அளவில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டையின் வெப்பத்தில் 20 சதவீதம், காற்றின் வெப்பத்தில் 10 சதவீதம். இந்தக் கூட்டு 28-ஐத் தாண்டினால் நீள ஓட்டத்தை நிறுத்தவோ தள்ளிவைக்கவோ வேண்டும் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி முன்பு வகுத்த எல்லை. கறுப்பு உருண்டை எங்களிடம் இல்லாததால் அதற்குப் பதிலாகக் காற்றின் வெப்பத்தையே போட்டுக் கணக்கிட்டோம். 25.7 வந்தது. நிம்மதியாக இருந்தோம்.

வெப்பமானி தொங்கியது தென்னை நிழலில். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில், கறுப்புச் சாயம் பூசிய செப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானியை, நிழல் இல்லாத வயலோரக் கரையில் வைத்துப் பார்த்தேன். 42 காட்டியது. உலர், ஈரக்குமிழ் அளவுகள் முந்தைய வாரத்தைப் போலவே இருந்தன. அப்படியானால் கூட்டு 28.4. ஒரு வாரம் கழித்து எடுத்த அளவு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குச் சாட்சி ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வெக்கைக்குப் பழகிய உடல்கள் நம்முடையவை என்பதும் உண்மை. ஆனால் ஓட்டக்காரர் ஓடியது வெயிலில், நாங்கள் அளந்தது நிழலில் என்பதற்கு இவை எதுவும் பதில் ஆகாது.

காற்றும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அன்று மலைப்பக்கத்திலிருந்து லேசான காற்று வீசியது. போகும்போது அது முகத்தில் அடித்தது. திரும்பும்போது முதுகுப் பக்கம், ஏறக்குறைய அவர் ஓடும் வேகத்திலேயே. பின்னிருந்து சம வேகத்தில் காற்று வந்தால் ஓடுபவரைச் சுற்றிக் காற்றே அசையாது. வியர்வை உலராமல் வழிந்துகொண்டிருக்கும். பாதிக்கப்பட்டது திரும்பும் வழியில்தான்.

ஆனால் என் பார்வையில் முதன்மையான காரணம், நாங்கள் விரும்பித் தேடிப் பிடித்த அந்தச் சமதளமே. மேட்டுச் சாலையில் ஓடுபவரை அரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஏற்றம் வந்து தடுத்து நிறுத்துகிறது. மூச்சு வாங்கும், கால் தளரும், நடந்தால்கூட வெட்கமில்லை. இறக்கத்தில் உடல் சற்று ஆறும். தன் உடலின் நிலை என்ன என்று அவர் அறிந்துகொள்வது அந்த ஏற்றங்களில்தான். இருபது ஆண்டுகளாக அப்படிப் பழகியவருக்குக் கரையில் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை. ஒரே அடியளவு, ஒரே வேகம், ஒரே தசைகள், இடைவெளி இல்லாத வெப்ப உற்பத்தி. ‘மூன்றாவது ரவுண்டில் ரொம்ப நல்லா இருந்தது, நாலு மணி இருபதில் முடிச்சிடலாம்னு தோணிச்சு’ என்று பிறகு அவரே சொன்னார். குறிப்பேட்டில் 66, 66, 67 என்று பார்த்து மகிழ்ந்த நாங்களும் அதே ஏமாற்றத்தில்தான் இருந்தோம். வெயில் ஏறிய பிறகும் வேகம் குறையாமல் இருப்பது நல்ல செய்தி அல்ல என்பதை இப்போது புரிந்துகொள்கிறேன். தாமாக நிறுத்திய இருவரும் மூன்றாம் சுற்றில் நன்றாகவே வேகம் குறைந்தவர்கள்.

அவரைக் காப்பாற்றிய கேள்வி சுற்று எண்ணுவதற்காக வைத்தது. நினைவைச் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் திட்டமிடவில்லை. பனிக்கட்டி இருந்த பந்தலுக்கு அருகிலேயே அவர் குழம்பியதும் எங்கள் சாமர்த்தியம் அல்ல. இரண்டு கிலோமீட்டர் முன்னாலோ பின்னாலோ நடந்திருந்தால் அந்தப் பெட்டிகளை இருசக்கர வண்டியில் ஏற்றிக் கரையில் கொண்டுவர வேண்டியிருந்திருக்கும்.

மாற்றியவை

அடுத்த ஓட்டத்துக்கு எடுத்துள்ள முடிவுகளில் சில எளிதாக இருந்தன. தொடக்கம் 4 மணி. வேன் வந்தாலும் வராவிட்டாலும் 4 மணி. பனிக்கட்டியும் தார்ப்பாயும் மூன்று பந்தல்களிலும் இருக்கும். கறுப்பு உருண்டை வெயிலில் நிற்கும். அரை மணிக்கு ஒருமுறை கணக்குப் போட்டு, 28-ஐத் தொட்டால் அப்போது பாதையில் இருப்பவர்களை நடக்கச் சொல்லி அறிவிப்போம். சுற்றுக் கேள்வி தொடரும், ஆனால் இப்போது மாணவர்களுக்கு அதன் முழுக் காரணமும் தெரியும். தவறான பதில் சொல்பவரைத் தொட்டு நிறுத்த அனுமதியும் உண்டு.

எளிதில் முடிவாகாதது ஒன்று. நான்காவது சுற்றுக்கு முன் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் கட்டாயமாக நிற்க வேண்டும் என்பது என் யோசனை. கரையில் இல்லாத மேட்டை நாமே உண்டாக்கிக் கொடுப்பது அது. நேரக் கணக்கு கெட்டுவிடும், அப்படிப்பட்ட ஓட்டத்தை யார் மதிப்பார்கள் என்று குழுவில் பாதிப்பேர் எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: நிற்கும் நேரத்தைக் கழித்துக்கொண்டால் அதை மாரத்தான் நேரம் என்று எங்கும் காட்ட முடியாது, கழிக்காவிட்டால் யாரும் நிற்க மாட்டார்கள். பாதிக்கப்பட்டவர் இந்த விவாதத்துக்கு வந்திருந்தார். அவரும் எதிர்த்தே பேசினார்.

கரைமுனைச் சங்கிலியின் சாவிக்காகப் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இந்த முறை சரியான மேசைக்குத்தான் கொடுத்திருக்கிறோம்.